மைனியின் பூட்டுப்பல்

மைனிக்கு ரகசியம் பேச வராது. அதற்கு வேண்டிய சின்னக் குரலைக் கடவுள் அவளுக்குக் கொடுக்கவில்லை. "பிள்ளே, ஆருட்டயும் பறயாத கேட்டியா" என்று என் காதோரம் குனிந்து அவள் தொடங்கினால், பாறசாலை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யார் வீட்டுப் பசு கன்று போட்டது, யாருடைய மகன் விசா வந்தும் போகாமல் சுற்றுகிறான் என்பதெல்லாம் மைனியால்தான் எங்களுக்குத் தெரியும். எங்களிடம் வந்து சொல்லவேண்டும் என்றில்லை. தன் முற்றத்தில் நின்று யாரிடமாவது சொல்வாள், நாங்கள் எங்கள் அடுக்களையில் இருந்தபடி கேட்டுக்கொள்வோம்.

உறவில் அவள் எனக்கு மைனி ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. நான் குழித்துறைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தபோது அவளுடைய புருஷனை என் வீட்டுக்காரர் அண்ணன் என்று கூப்பிட்டார். அதனால் அவள் மைனி ஆனாள். கேரளத்தில் கட்டிக்கொடுத்தால் மகள் மலையாளம் படித்துவிடுவாள் என்று என் அப்பாவுக்குப் பெருமை. நான் படித்தது மைனியின் மலையாளம். அதில் முக்கால் பங்கு தமிழும் கால் பங்கு சத்தமும்தான் இருந்தது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் மண்ணால் ஒரு கையாலைச் சுவர். எங்கள் சண்டையெல்லாம் அதன் இரு பக்கமும் நின்றுதான். அந்தச் சண்டைக்கு முறை உண்டு. கையாலையைத் தாண்டக் கூடாது. உலை கொதித்தால் போய் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முக்கியமாக, செத்தவர்களை இழுக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான், எங்கள் முதல் சண்டையின் நடுவில். அவளுடைய மாமியாரைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"செத்தவங்கள விட்டிரு பிள்ளே. அவங்களுக்கு திருப்பிப் பறய வாயில்ல. உயிரோட இருக்கதுவள பறயி, நான் பதிலு தாறேன்."

அன்று சாயங்காலமே அவள் வைத்த குழம்பு ஒரு கிண்ணத்தில் கையாலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மறுநாள் தனியாக ஒரு சண்டை.

வாயாடி, பிடாரி என்று ஊரில் அவளுக்குப் பல பெயர்கள். ஆனால் அந்த வாயால்தான் அவளுக்கு மண் கிடைத்தது. நிலச்சட்டம் வந்த புதிது. தறவாடு என்கிற பெரிய நிலக்காரர் வீட்டு நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்குக் குடிசையும் சுற்றிப் பத்து சென்ட்டும் சொந்தம் என்று ஆகியிருந்தது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். தறவாட்டின் காரியஸ்தர் முந்திக்கொண்டு, இங்கே யாரும் குடியிருக்கவில்லை, இது மாட்டுத் தொழுத்து என்றார். அதிகாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அவர் வாய் திறந்து நான் கேட்டதே குறைவு. மைனி பேசுகிற வீட்டில் இன்னொருவர் பேச இடமும் ஏது? மைனி உள்ளேயிருந்து ஒரு மண்சட்டியோடு வெளியே வந்தாள்.

"சாரே, மாடு அடுப்பு பத்தவைக்குமா? மாடு கறி வைக்குமா? இன்னா, மணத்திப் பாருங்க. சாளைமீன் கறியாக்கும். மாட்டுக்கு சாளைக்கறி வச்சுக் குடுக்குத தொழுத்து எங்க உண்டு, பறயுங்க!"

அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்தே பார்த்தார். பிறகு காரியஸ்தரிடம் திரும்பி, "பசுவினு சாளக்கறி வலிய இஷ்டமாணல்லே?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் காரியஸ்தர் வெயில் இல்லாமலே குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மைனி பிழைத்ததோடு, பத்து சென்ட்டும் ரோட்டிலிருந்து அதற்கு வரும் நடைவழியும் வாங்கிக்கொண்டாள். அதே வழியின் கடைசியில் இன்னொரு குடிசை இருந்தது, ஒரு விதவையும் அவள் மகனும். அவர்களுக்காகவும் அன்று மைனிதான் பேசினாள். அந்த மகன் பின்னால் இந்தக் கதைக்குள் வருவான்.

பத்து சென்ட் வந்ததும் பின்னாலேயே கல்ஃப் வந்தது. முதலில் அந்த விதவையின் மகன் போனான். சில வருஷம் கழித்து மைனியின் மகன் மஸ்கட்டுக்குப் போனான். ஓலைக்கூரைகள் ஓடாக மாறின, ஓடு கான்கிரீட் வார்ப்பாக மாறியது. பெட்டிக்கடைக்காரன் வீட்டுக்கும் மேல்நிலை என்று ஒரு மாடி வந்தது. மைனி மட்டும் ஓட்டு வீட்டு முற்றத்தில் நின்று ஒவ்வொரு வார்ப்புக்கும் விமரிசனம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுடைய பற்கள் ஆடத் தொடங்கின. ஒரு காலத்தில் கருப்பட்டியை முன்பல்லால் கடித்து, கட்டன்காப்பியை ஒரு மிடறு குடித்து, கடித்த சத்தம் எனக்குக் கேட்கும்படி நின்ற பெண் அவள். பாக்கு வெட்டியே அவள் வீட்டில் கிடையாது. வெற்றிலையும் புகையிலையும் ஈறைத் தின்றன. வீங்கினால் கிராம்பு வைப்பாள், ஆடினால் நூல் கட்டிப் பிடுங்குவாள், பிடுங்கியதைக் கூரைமேல் எறிவாள். கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு பல்வைத்தியர் மிச்சம் இருந்ததையும் எடுத்துவிட்டுச் செட்டுப்பல் வைத்து அனுப்பினார். மேல் செட்டு ஒழுங்காக ஒட்டிக்கொண்டது. கீழ் செட்டு நாக்கு போகிற திசைக்கெல்லாம் போயிற்று. நாக்கு சும்மா இருக்கிறவர்களுக்கு அது ஒருவேளை சரியாக இருந்திருக்கும்.

என் கோழி அவளுடைய இஞ்சித் தடத்தைக் கிளறிய அன்று எங்களுக்குள் நல்ல சண்டை. மைனி முழு வேகத்தில் இருந்தாள். 'கோழி' என்று அவள் வாயைத் திறந்தபோது கீழ் செட்டு துள்ளி, கையாலையைத் தாண்டி, என் முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகின் நடுவே வந்து விழுந்தது. வழியில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், யார்தான் சிரிக்கமாட்டார்கள்? மைனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கழுவி ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பல் போனால் சொல் போச்சு என்பதை அதுவரை நான் வெறும் பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு செட்டையும் கழற்றி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சில வருஷங்கள் மைனி இருந்தாளா என்றே ஊருக்குத் தெரியாது. தோர்த்துத் துண்டின் முனையை வாய்மேல் பிடித்தபடிதான் நடமாட்டம். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்த பிறகு போவாள். கஞ்சி, மசித்த மரச்சீனிக் கிழங்கு, மீண்டும் கஞ்சி. கன்னம் ஒட்டியது, கழுத்து மெலிந்தது. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கதவோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாதுவான மாமியார் கிடைத்தாள் என்று பெண் வீட்டார் சந்தோஷப்பட்டார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கோழி அவள் தோட்டம் முழுவதும் மேய்ந்தும் ஒரு சத்தம் இல்லை. ஜெயித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் அந்த ஜெயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குரல் இல்லாமல் என் பகல்கள் நீளமாகிவிட்டன.

இந்த மௌனத்தில் லாபம் பார்த்தவன் ஒருவன் இருந்தான், வழிக்கடைசி விதவையின் மகன். கல்ஃப் முடித்து வந்து, ரோட்டோரத்தில் தறவாட்டின் முன்பக்க நிலத்தை வாங்கி, இரண்டு நிலையில் வீடு கட்டிக் குடியேறினான். அவன் அம்மா அதற்கு முன்பே, அவன் அங்கே இருந்தபோதே, இறந்துவிட்டாள். குடிசை நின்ற இடம் இப்போது அவனுடைய வாழைத்தோட்டம். அவனுக்குக் கார் உண்டு, ரோட்டுப் பக்கம் கேட் உண்டு, அந்த நடைவழி தேவையே இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வேலியைப் புதுப்பிக்கிறேன் என்று வழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நட்டான். பழைய மைனியாக இருந்தால் முதல் கம்பு ஊன்றும்போதே குளத்தூர்வரை கேட்டிருக்கும். இப்போது அவள் தோர்த்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "போட்டு, நமக்கு நடக்க எடம் உண்டுமே" என்றார் அண்ணன்.

ஒரு மலையாள வாரப் பத்திரிகையில் டாக்டர் கேள்வி பதில் பகுதி வரும். அதில் ஒரு நாள், தாடை எலும்பிலேயே உலோகத் திருகாணி வைத்து அதன்மேல் பல் பூட்டுகிறார்கள், அது ஆடாது, இளகாது என்று எழுதியிருந்தது. நான் கையாலை ஓரமாகப் போய் நின்று சத்தமாக வாசித்தேன். மைனி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் நார் பிய்த்துக்கொண்டிருந்தாள். 'இளகாது' என்ற இடத்தில் கை நின்றது. நான் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

அடுத்த லீவில் மகன் வந்தான். கையில் வீட்டின் மேல்நிலைக்கு வரைந்த படம். ஓட்டைப் பிரித்து வார்ப்புப் போட வேண்டும், ஊரில் நம் வீடு மட்டும்தான் இப்படி, மனைவி வீட்டார் வந்தால் வெட்கமாக இருக்கிறது என்றான். அவள் வாயிலிருந்து தோர்த்தை எடுத்தாள். பல்லில்லாத அந்த வாயை மகனுக்கு முழுதாகக் காட்டினாள்.

"மாடியில ஏறி நிண்ணு நான் என்ன சொல்லுவேன் மக்கா, வாயில பல்லில்லாம? எனக்கு வார்ப்பு வேண்டாம். எளகாத பல்லு வேணும்."

மகன் முதலில் கோபித்தான், பிறகு அம்மாவின் கன்னத்தைப் பார்த்தான், படத்தைச் சுருட்டி உள்ளே வைத்தான். வீட்டுக்கு வார்ப்புப் போடாமல் வாய்க்கு வார்ப்புப் போடுகிறாள் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

லீவு முடிந்து மகன் போய்விட்டதால், திருவனந்தபுரத்துக்கு மைனியோடு நான்தான் போனேன். டாக்டர் ஒரு பெண், சின்ன வயது, பொறுமைசாலி. கீழ்த்தாடையில் திருகாணிகளை வைத்துத் தைத்துவிட்டு, கையில் ஒரு பொம்மைத் தாடையை எடுத்துக் காட்டினார். "எலும்பு இத நல்லா பிடிக்கணும் அம்மச்சி. சில மாசம் ஆகும். அதுக்குப் பெறகுதான் பல்லு பூட்டுவோம். அதுவரெ இளக்கருது, அசைக்கக் கூடாது, கேட்டோ? கட்டியானது ஒண்ணும் கடிக்கருது. வெற்றிலை இனி ஒருநாளும் வேண்டாம்." மைனி தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறியதும் வெற்றிலைச் செல்லத்தை மடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். அது என்ன பெரிய காரியம் என்று புகையிலை போட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

அன்றிலிருந்து அவள் பேசவே இல்லை. வலி இருக்கும் என்று நினைத்தேன். வலி போன பிறகும் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று நான் கையாலையில் நின்று கேட்டபோது, என் கையைப் பிடித்து எட்டிப் பார்க்கவைத்து, அந்தப் பருவத்தில் நட்ட தென்னந்தையை, அந்தச் சின்னக் கன்றைக் காட்டினாள். அதை ஆட்டுவதுபோல் கையை அசைத்து, பிறகு வேண்டாம் என்று தலையை அசைத்தாள். தாடையைத் தொட்டாள். உதட்டை இறுக்கி மூடினாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நட்ட தையை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? ரப்பருக்கு ஒட்டுக் கட்டினாலும் கட்டை அவிழ்க்கும்வரை யாராவது கையை வைப்பார்களா? நானும் நம்பினேன், ஊரும் நம்பியது. மைனி தாடையில் நட்டிருக்கிறாள், பிடிக்கும்வரை பேசமாட்டாள் என்று பஸ் கண்டக்டர்கூட அறிந்திருந்தார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செடி நட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இதில் கேட்க என்ன இருக்கிறது?

"முதல் வாரம் கோயில்ல நிக்குத மாதிரி சொகமா இருந்து," என்றார் அண்ணன் என்னிடம். "இப்ப பயமா இருக்கு பிள்ளே. ராத்திரி கண்ணு முழிச்சு மூச்சு உண்டா எண்ணு பாக்குதேன்."

மழை விட்டது. வழிக்கடைசி விதவையின் மகனான அந்த வேலிக்காரன் இந்தத் தடவை கம்போடு வரவில்லை, கொத்தனோடு வந்தான். வேலிக்குப் பதிலாக மதில் கட்டுவதாக, வழியின் முக்கால்பங்கை உள்ளே சேர்த்து அஸ்திவாரக் குழி தோண்டினான். மிச்சம் விட்டது ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடம். நான் போய்க் கேட்டேன். "மைனி ஒண்ணும் சொல்லல்லியே," என்றான். "அவங்களுக்கு சம்மதம் இல்லேண்ணா நாடே கேட்டிருக்குமே."

மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள். நானும் அண்ணனும் மைனியிடம் கெஞ்சினோம். ஒரே ஒரு தடவை வாயைத் திற மைனி, அவன் உன் வாய்க்குத்தான் பயப்படுவான் என்றேன். அவள் தாடையைத் தொட்டுக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பேசினால் பல் போகும், பேசாவிட்டால் வழி போகும். இரண்டையும் அந்த வாயால்தான் சம்பாதித்திருந்தாள்.

மறுநாள் காலை கொத்தன் வந்தபோது குழிக்குள் மைனி உட்கார்ந்திருந்தாள். ஒரு பலகை, ஒரு குடை, மடியில் உரிக்கப் பயறு. கொத்தன் கரண்டியைக் கீழே வைத்தான். வேலிக்காரன் வந்து முதலில் மரியாதையாகச் சொன்னான், பிறகு சத்தம் போட்டான். மைனி ஒரு பயற்றை உரித்து மணியை முறத்தில் போட்டாள். பதிலே வராத ஆளிடம் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் கத்த முடியும்? அவன் குரல்தான் ஊருக்குக் கேட்டது. சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போவாள், விடிந்ததும் குழிக்குள் இருப்பாள். "ஒரு அம்மை இருக்குத குழியில நான் கல்லு வைக்கமாட்டேன்" என்று கொத்தன் சொல்லிவிட்டான். அதற்கு வேலிக்காரன், "திருவனந்தபுரத்துக்கு பல்லு பூட்டப் போவாங்கல்ல, அண்ணைக்கு வச்சுக்கிடலாம்" என்றது என் காதிலேயே விழுந்தது.

அந்த நாளும் வந்தது. மைனி போக மறுத்தாள். சேலை மாற்றாமல் குழிப்பக்கம் நடந்தாள். அப்போது ஒரு காரியம் நடந்தது. அண்ணன் அவளை முந்திக்கொண்டு போனார். அவள் கையிலிருந்து குடையை வாங்கினார், குழிக்குள் இறங்கினார், பலகையில் உட்கார்ந்தார். பழக்கம்போல் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "நீ போய் பல்ல வச்சுட்டு வா. நான் இருக்கேன்" என்றார். கல்யாணமான நாள்முதல் அவர் சொன்னதில் மைனி எதிர்ப்பேச்சு இல்லாமல் கேட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். எதிர்ப்பேச்சு பேச அவளால் முடியாது என்பதும் உண்டு.

டாக்டர் ஒவ்வொரு திருகாணியாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தன. பல்வரிசையை வைத்துப் பூட்டினார். "எப்படி இருக்கு அம்மச்சி, சொல்லுங்க" என்றார். மைனி என்னைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் பேசவில்லை, பேசினால் பிடிக்காது என்று இருந்துவிட்டாள் என்றேன். டாக்டரின் கையிலிருந்த கண்ணாடி தட்டில் விழுந்தது.

"எண்டெ தெய்வமே! பேசினா ஒண்ணும் ஆகாது அம்மச்சி! ஆராணு பேசக் கூடாதுண்ணு சொன்னது?"

மைனி கண்ணாடியை எடுத்துத் தன் வாயைப் பார்த்தாள். நாக்கால் பல்லை முட்டித் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. இப்போது வெடிக்கப்போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். பஸ்ஸிலும் பேசவில்லை. பாலராமபுரம் போயிற்று, நெய்யாற்றின்கரை போயிற்று. "மைனி, இனி பேசலாமே" என்றேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்த்து வைத்ததைச் சில்லறையாகச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழியைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. நடுவே அண்ணன், விரித்த குடையோடு. வேலிக்காரன் அவர் தலைக்குமேல் நின்று, ஆள் வைத்துத் தூக்கி வெளியே போடுவேன் என்று கத்திக்கொண்டிருந்தான். பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். மைனி செருப்பைக் கழற்றினாள். அவன் முன்னால் போய் நின்றாள்.

"எலே!"

ஒரே சொல். மரத்திலிருந்த காக்கை எழுந்து பறந்தது. அந்தச் சத்தத்தை அத்தனை வருஷம் கழித்து அன்றுதான் கேட்டேன்.

"எலே, ஒனக்கு இந்த வழிக்க அகலம் தெரியுமா? நான் பறயுதேன், கேளு. நான் சண்டையில ஒருநாளும் செத்தவங்கள இழுத்ததில்ல. இண்ணைக்கு இழுக்கப்போறேன், எனக்கு பாவம் வந்தாலும் வரட்டு. ஒனக்க அம்மைக்க கண்ணு அடஞ்சப்ப நீ இங்க இல்ல. ஒனக்கு லீவு கெடக்கல்ல. நான் உன்னக் குத்தம் சொல்லல்ல மக்கா, கல்ஃப்காரனுக்க விதி அது. அவள நானாக்கும் குளிப்பாட்டினேன். இந்தா குழியில இருக்காரே இந்த மனுசன், இவரும் வேற மூணு பேரும் பாடையத் தூக்கினாங்க. ரெண்டு பேரு முன்ன, ரெண்டு பேரு பின்ன, தோளோட தோளு சேந்து இந்த வழியே ரோட்டுக்கு வந்தாங்க. வேலியில ஒரு முள்ளு அவளுக்க துணியில தட்டல்ல. அவள நான் மகாராணி மாதிரி அனுப்பி வச்ச வழியாக்கும் இது. அவ போன அகலம் எனக்க கண்ணுல உண்டு. இப்ப பற, எங்க உனக்க கல்லு?"

ஒரு சொல்கூடச் சிதறவில்லை. 'ச'வும் 'ஸ'வும் 'த'வும் பழையபடி வெட்டி வெட்டி விழுந்தன. வேலிக்காரனுக்கு அந்த நாளைப் பற்றி யாரும் அதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது. அடுக்கிய கல்லின்மேல் உட்கார்ந்து, பெரிய ஆளாக வாட்சும் தங்கச் சங்கிலியுமாக இருந்தவன், பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். மைனி பக்கத்தில் போய் அவன் தலையில் கையை வைத்தாள். "அழாத. எந்திரிச்சு கல்ல எடு" என்றாள். அன்று சாயங்காலமே அவனும் கொத்தனும் சேர்ந்து குழியை மூடினார்கள். வேலி பழைய இடத்துக்குப் போயிற்று. அண்ணன் மட்டும் குடையை மடக்க மறந்து, அதைப் பிடித்தபடியே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மைனிக்கு இருபது வருஷத்துக்கு மேல் வாழ்வு இருந்தது, அதில் ஒரு நாளையும் அவள் சும்மா விடவில்லை. கல்யாண வீட்டில் முதல் பந்தியில், நடு இலையில் உட்கார்ந்தாள். கன்னம் நிறைந்தது. சாதுவான மாமியார் என்று நம்பி வந்த மருமகள் ஒரு வாரம் திகைத்து நின்றாள், பிறகு அவளும் பதிலுக்குப் பேசப் பழகினாள், இன்று ஊரில் நம்பத்தகுந்த வாய் அவளுடையதுதான். பூட்டுப்பல் என்று மைனியே அதற்குப் பெயர் வைத்தாள். தினமும் முற்றத்தில் நின்று, குட்டி பிரஷ் ஒன்றால் திருகாணியைச் சுற்றித் தேய்ப்பாள், அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்கு அமைதி. ஒரு தடவை பூட்டு லேசாகத் தளர்ந்து, பேசும்போது டக்டக் என்றது. பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு ஓடினாள். டாக்டர் முறுக்கிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ் முழுவதும் கேட்க, "பஸ்ஸுக்கும் சர்வீஸ் உண்டு, எனக்க பல்லுக்கும் சர்வீஸ் உண்டு" என்றாள். வார்ப்பு வீடு பிறகு எப்போதோ வந்தது. அதில் அவள் மாடிக்கு ஏறியதே இல்லை, முற்றமே போதும் என்றாள்.

அவளுக்கு எண்பது நெருங்கும்போது பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் சொன்னார்கள். அண்ணன் அதற்குள் போய்விட்டார். மகனும் மருமகளும் நானும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உள்ளே கொண்டுபோகுமுன் ஒரு மலையாளி நர்ஸ், சின்னப் பெண், கிண்ணத்தோடு வந்தாள்.

"அம்மச்சீ, வெப்புபல்லு ஊரித் தரணே."

மேல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள் மைனி. கீழேயும் கழற்றச் சொன்னாள் நர்ஸ். மைனி வாயைத் திறந்து, "அது எனக்கதாக்கும் மோளே. வேணும்ணா இழுத்துப் பாரு" என்றாள். நர்ஸ் உறை போட்ட விரலால் இழுத்தே பார்த்தாள். பிறகு மற்ற நர்ஸ்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். ஆனால் மயக்கம் தெளிந்தும் மைனி பேசவில்லை. கண்ணைத் திறப்பாள், எங்களைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். வயதானவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும், நினைவு முழுதாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அன்று முழுவதும் அப்படியே போயிற்று. அவள் மௌனத்தை நான் இரண்டு தடவை பார்த்தவள், இரண்டு தடவையும் திரும்பி வருவாள் என்று நம்பிக்கை இருந்தது. இந்தத் தடவை இல்லை. என் வீட்டுக்குத் திரும்பி, கேட்பாரற்ற அந்தக் கையாலையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்று மருமகளிடம் சொல்லியேவிட்டேன்.

மறுநாள் காலை ஃபிளாஸ்க்கில் சாயா வாங்கிக்கொண்டு வராந்தாவில் வந்துகொண்டிருந்தேன். வார்டுக்கு வெகு தூரம் இருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. வராந்தாவில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கஞ்சியா? ஆருக்கு கஞ்சி? எனக்கு பல்லு உண்டு மோளே, கடிக்கதுக்கு என்னமாவது கொண்டு வா!"

நான் ஃபிளாஸ்க்கோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. ஒரு காவலாளி ஓடிவந்து, உள்ளே யாரம்மா, உங்களுக்கு வேண்டியவர்களா என்று கேட்டார்.

"எனக்க மைனியாக்கும்" என்றேன்.